ரஷ்யாவுல ஊர் சொத்து நாலு பேர் கைக்குப் போனதுக்கு மார்க்கெட் காரணமா, ஏலம் விட்டவங்க காரணமா?

கணக்குப்புள்ள:
சோவியத் கலைஞ்சப்புறம் ஏற்றத்தாழ்வு எகிறுனதுக்கு எல்லாரும் மார்க்கெட்ட திட்டுறாங்க. 1990ல போலந்தும் ஷாக் தெரபி (ஒரே அடியா மார்க்கெட்டுக்கு மாறுறது) தான் எடுத்துச்சு, அங்க இந்த அளவுக்கு ஆலிகார்க் (அரசியல் செல்வாக்குள்ள பெரும் பணக்காரங்க) கூட்டம் வரலையே? ரஷ்யாவுல நடந்தது திருட்டு ஏலம். 1995ல நோரில்ஸ்க் நிக்கல்ங்குற அரசாங்க உலோகக் கம்பெனியோட 38% பங்க அடமானமா ஏலம் விட்டு அரசாங்கம் 17 கோடி டாலர் கடன் வாங்குச்சு. ஏலத்த நடத்துனதே ஒனெக்சிம்பேங்க்ங்குற தனியார் பேங்க், ஜெயிச்சதும் அவங்க சைடு தான். ரெண்டு மடங்குக்கு மேல கேட்ட இன்னொரு பேங்க் பக்கத்த தகுதி இல்லன்னு தள்ளிட்டாங்க.

செவ்வந்தி:
அண்ணே நீங்க 1995ல ஆரம்பிக்கிறீங்க, சாதாரண ஜனம் 1992லயே காலி. ஜனவரி 2ஆம் தேதி விலைக் கட்டுப்பாட்ட எடுத்தாங்க, அந்த வருஷ பணவீக்கம் 2,500% கிட்ட, பேங்க்ல ஆயுசு பூரா சேத்து வச்சது அப்படியே கரைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் அக்டோபர்ல ஆளுக்கு ஒரு 10,000 ரூபிள் வவுச்சர் (அரசாங்க கம்பெனி பங்குக்கு மாத்திக்கிற சீட்டு) குடுத்து நீயும் முதலாளிங்குறாங்க. ரெண்டு வோல்கா கார் விலை பெறும்னு வேற சொன்னாரு தனியார்மயத்த நடத்துன சுபைஸ். வீட்ல அரிசி பருப்புக்கே வழியில்லாதவன் (சரி, அங்க ரொட்டி) அத எத்தன நாள் பொட்டில பூட்டி வைப்பான்? கெடச்ச விலைக்கு வித்தான். காசு வச்சிருந்தவன் கட்டுக் கட்டா வாங்குனான்.

கணக்குப்புள்ள:
போலந்துலயும் தான்மா 1990ல விலை பல மடங்கு ஏறுச்சு. ஆனா பெரிய கம்பெனிகள அவசரப்பட்டு தூக்கிக் குடுக்கல, வவுச்சர் மாதிரி திட்டமே 1995 வாக்குல தான் வந்துச்சு. அப்புறம் சோவியத்துல மட்டும் சமமா இருந்துச்சா? கட்சி ஆளுங்களுக்குத் தனிக் கடை, தச்சா (ஊருக்கு வெளிய ஓய்வு வீடு), காரு.

செவ்வந்தி:
இருந்துச்சு, யாரு இல்லன்னா. ஆனா பதவி போனா தச்சாவும் போயிரும், மகன் பேருக்கு எண்ணெய்க் கெணத்த எழுதி வைக்க முடியாதுல்ல?

டீக்கடை பெஞ்ச்:
ரெண்டு பேரும் வீட்ட விட்டுட்டீங்க. குடியிருந்த அரசாங்க பிளாட்ட அவங்கவங்க பேருக்கே இலவசமா மாத்திக் குடுத்தாங்க. நடுத்தர ரஷ்யன் நெறைய பேருக்குப் பெரிய சொத்தே அதான், இதையும் கொள்ளைன்னா எப்படி?

செவ்வந்தி:
மாஸ்கோ பிளாட்டும் வடகோடி சுரங்க ஊரு வோர்குட்டா பிளாட்டும் ஒண்ணா பாஸ்? வோர்குட்டாவுல நிலக்கரிச் சுரங்கம் ஒண்ணொண்ணா மூடி ஜனம் கெளம்பிருச்சு, அங்க பிளாட்ட சும்மா குடுத்தாலும் வாங்க யோசிக்கிறான். இலவசமா குடுத்ததுலயே தலைநகர்க்காரனுக்கு லாட்டரி, சுரங்கத்துல வேல பாத்தவனுக்கு வெறும் சுவரு.

கணக்குப்புள்ள:
அது எந்த நாட்லயும் அப்படித்தான், ஊருக்கு ஊர் நெலம் விலை மாறத்தான் செய்யும். நான் கேட்டது ஏலத்தப் பத்தி, அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.