மீக்கடத்தி மின்னணுவியலில் உணரிகள் முந்துவதும் இலக்கச் சுற்றுகள் பின்தங்குவதும் ஏன்?

கேள்வி: மாறுநிலை

வணக்கம். முதுநிலை மின்னணுவியல் பயிலும் நான், ஆய்வுத் தலைப்பைத் தேர்வதற்காக மீக்கடத்திச் சாதனங்கள் குறித்த கட்டுரைகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு முரண் கண்ணில் படுகிறது.

1999இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகக் குழுவினர், நையோபியம் ஜோசப்சன் சந்திகளால் (இரு மீக்கடத்திகளுக்கிடையே மெல்லிய தடுப்படுக்கு கொண்ட நுண்சாவிகள்) ஆன ஓர் அதிர்வெண் வகுப்பியை 770 கிகாஹெர்ட்ஸ் வரை இயக்கிக் காட்டினர். அன்று விற்பனையில் இருந்த சிலிக்கான் செயலிகள் ஒரு கிகாஹெர்ட்சைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆயினும் கால் நூற்றாண்டு கடந்த பின்பும் அச்சந்திகளால் ஆன பொதுப் பயன்பாட்டுக் கணினி எதுவும் புழக்கத்துக்கு வரவில்லை. மீக்கடத்தி நானோகம்பியால் ஆன ஒற்றை ஃபோட்டான் உணரியின் கதை வேறு. 2001இல் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்ட அது, 2020க்குள் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் 98 விழுக்காடு கண்டறிதிறனைத் தொட்டு, இன்று விலைக்கு வாங்கக்கூடிய கருவியாகிவிட்டது.

இரண்டும் மீக்கடத்தி மென்படலங்களால் ஆனவை. இரண்டுக்கும் சில கெல்வின் அளவிலான குளிர் தேவை. குளிர்விக்கும் செலவுதான் இலக்கச் சுற்றுகளுக்குத் தடை என்றால், அதே செலவு உணரிகளை ஏன் தடுக்கவில்லை? இலக்கச் சுற்றுகளின் பக்கம் இனி ஒரு மாணவன் உழைப்பைச் செலுத்துவதில் பொருள் உண்டா? துறையில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: நானோகம்பி

நான் உணரிப் பக்கத்தில் இருப்பவன். என் விடையில் அந்தச் சாய்வு இருக்கும்.

செலவு ஒன்றுதான் என்றாலும், அதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பது வேறு. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான்வோல்ட், 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான்வோல்ட். ஆகவே அந்த ஃபோட்டான் சிலிக்கானின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மீக்கடத்தியில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் இணையை, அதாவது கூப்பர் இணையைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒரே ஃபோட்டான் நூற்றுக்கணக்கான இணைகளைப் பிரிக்க முடியும். 2023இல் 29 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஃபோட்டானையும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்ததற்கு இதுவே அடிப்படை.

கம்பியில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமும் 5 முதல் 10 நானோமீட்டர் தடிப்பும் கொண்ட கம்பியில், மாறுநிலை மின்னோட்டத்துக்கு (மீக்கடத்துநிலை தாங்கும் உச்ச மின்னோட்டம்) சற்றே குறைவான மின்னோட்டம் மின்தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோட்டான் விழுந்த இடத்தில் மீக்கடத்துநிலை குலைந்து, கம்பியின் குறுக்கே மின்தடை தோன்றுகிறது. அது கணப்பொழுதில் கிலோ ஓம் அளவுக்கு வளர்வதால், மின்னோட்டம் வழிமாறி 50 ஓம் பெருக்கிக்குள் பாய்ந்து துடிப்பாக வெளிவருகிறது. சூடு தணிந்ததும் கம்பி பழைய நிலைக்கு மீள்கிறது. மீளும் நேரத்தைப் பெரும்பாலும் கம்பியின் இயக்கத் தூண்டல்தான் (எலக்ட்ரான் இணைகளின் நிலைமத்தால் எழும் மின்தூண்டல்) தீர்மானிக்கிறது. துடிப்பு தோன்றும் கணத்தின் தடுமாற்றம் மிகச் சிறியது: 2020இல் கண்ணுறு ஒளியில் 3 பிக்கோவினாடிக்கும் கீழே அளந்திருக்கிறார்கள். இவ்வளவு கண்டறிதிறனையும் இவ்வளவு நேரத்துல்லியத்தையும் இவ்வளவு குறைந்த இருள் எண்ணிக்கையையும் (ஒளியே இல்லாதபோதும் பதிவாகும் பொய்த் துடிப்புகள்) ஒருசேரத் தரும் வேறு உணரி கிடையாது. வாங்குபவர் குளிர்விப்பானின் விலையை எதனுடன் ஒப்பிடுவார்?

பயன்பாட்டுக்கு ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். 2023 அக்டோபரில் ஏவப்பட்ட சைக்கி விண்கலம், அதே ஆண்டு டிசம்பரில் சுமார் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசர் வழியாக வினாடிக்கு 267 மெகாபிட் வேகத்தில் காணொளி அனுப்பியது. பாலோமர் ஆய்வகத்தின் 5 மீட்டர் தொலைநோக்கியில் அந்த ஃபோட்டான்களை எண்ணியது இத்தகைய நானோகம்பி வரிசைதான்.

மறுமொழி: பாயக்குவாண்டம்

மேலே உள்ள விடையை ஏற்கிறேன். ஆனால் இலக்கச் சுற்றுகளின் பின்னடைவுக்குக் குளிர்விப்பே முதன்மைக் காரணம் என்ற எண்ணம் கணக்குக்கு ஒத்துவராது.

ஒரு சந்தி ஒருமுறை நிலைமாறும்போது இழக்கும் ஆற்றல், அதன் மாறுநிலை மின்னோட்டத்தைக் காந்தப் பாயக் குவாண்டத்தால் (மீக்கடத்தி வளையத்துள் காந்தப் பாயத்தின் மிகச் சிறு அலகு) பெருக்கிய அளவு. 100 மைக்ரோஆம்பியர் சந்திக்கு அது 2×10⁻¹⁹ ஜூல். பத்து லட்சம் சந்திகளும் 50 கிகாஹெர்ட்சில் ஓயாமல் மாறினாலும் மொத்தம் 10 மில்லிவாட்தான். 4 கெல்வினில் உருவாகும் ஒரு வாட் வெப்பத்தை அகற்ற, இயற்பியல் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவான கார்னோ வரம்பின்படி சுமார் 70 வாட் தேவை. பெரிய ஹீலியம் ஆலைகளில் நடைமுறையில் சில நூறு வாட் ஆகிறது. ஆய்வக மேசையருகே நிற்கும் சிறு குளிர்விப்பான், ஒன்றரை வாட்டை அகற்ற ஏழு கிலோவாட் அளவுக்கு மின்சாரத்தை விழுங்குகிறது. ஆகவே சிறு கருவிக்குக் குளிர் வீண்செலவுதான். கிடங்கு அளவிலான கணினிக்கு அது தாங்கக்கூடிய விலையே.

உண்மையான தடைகள் சுற்றின் உள்ளேயே இருக்கின்றன. முதலாவது, மின்வழங்கல். 1985இல் லிக்காரெவ், முகானோவ், செமியோனோவ் ஆகியோர் முன்வைத்த, பிட்களைப் பாயக் குவாண்டத் துடிப்புகளாகக் கையாளும் விரைவு ஒற்றைப் பாயக் குவாண்டச் சுற்றில், ஒவ்வொரு சந்திக்கும் ஒரு மின்தடையம் வழியே, அதை இயங்குநிலையில் வைக்கும் சார்பு மின்னோட்டம் இணையாகச் செல்கிறது. பத்து லட்சம் சந்திகளுக்குத் தலைக்கு 70 மைக்ரோஆம்பியர் என்றால் 70 ஆம்பியர். அதைச் சுமந்து செல்லும் தடித்த கம்பிகள் வெளிவெப்பத்தையும் கூடவே கொண்டுவருகின்றன. வழக்கமான 2.6 மில்லிவோல்ட்டில் அந்த மின்தடையங்கள் மட்டும் 180 மில்லிவாட்டை வீணாக்கும். மேலே கணக்கிட்ட 10 மில்லிவாட்டுடன் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மின்தடையத்துக்குப் பதிலாகச் சந்தியையும் மின்தூண்டியையும் வைத்த திருத்தப்பட்ட வடிவங்கள் இந்த வீணை ஏறத்தாழ முற்றிலும் ஒழித்துவிட்டன. மின்வழங்கலை மாறுதிசைக்கு மாற்றிய வகைகளும் உள்ளன. கடந்த பதினைந்து ஆண்டுகளின் அசல் சாதனை இதுதான் என்பது என் மதிப்பீடு. 770 கிகாஹெர்ட்ஸ் போன்ற எண்களைத் தலைப்புச் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை வகுப்பியின் வேகம் வேறு, பல்லாயிரம் வாயில்களுக்குக் கடிகாரத் துடிப்பைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் சுற்றின் வேகம் வேறு.

இரண்டாவது, அடர்த்தி. ஒரு பாயக் குவாண்டத்தை 100 மைக்ரோஆம்பியரில் பிடித்துவைக்க 20 பிக்கோஹென்றி அளவிலான மின்தூண்டி வேண்டும். சாதாரண நையோபியத் தடத்தில் அது பல பத்து மைக்ரோமீட்டர் நீளம் கொள்ளும். டிரான்சிஸ்டரைச் சுருக்கியதைப் போல இதைச் சுருக்க முடியாது. இயக்கத் தூண்டல் மிகுந்த மென்படலங்களே இப்போதைக்குத் தெரியும் வழி.

மூன்றாவதும் கொடியதும் நினைவகம். எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தின் எட்டு நையோபிய அடுக்குச் செய்முறையில், சுமார் 8 லட்சம் சந்திகள் கொண்ட, பிட்களை வரிசையாக நகர்த்தும் நகர்வுப் பதிவகம் செய்து இயக்கப்பட்டுள்ளது. சிக்கலளவில் அது பெரும் சாதனை. ஆனால் அதன் கொள்ளளவு 2 லட்சம் பிட், அதாவது 25 கிலோபைட். அதுவும் விரும்பிய இடத்தைத் தொட்டுப் படிக்கக்கூடிய நினைவகம் அன்று. எண்ணிக்கையைப் பெருக்குமுன் காந்தப் பாயம் சிக்கிக்கொள்ளும் தொல்லையையும் கவனிக்க வேண்டும்: சிப் குளிரும்போது சூழலில் எஞ்சியிருக்கும் சிறு காந்தப்புலம் படலத்துக்குள் சுழலாக உறைந்துவிட்டால், அருகிலுள்ள சந்திகள் பிழையாக இயங்கும். அதனால்தான் தரைத்தளத்தில் அகழிகளை வெட்டி, சுழல்கள் தீங்கற்ற இடத்தில் ஒதுங்கும்படி செய்கிறார்கள். கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தச் செய்தி, அளவீட்டு மேசையில் பல நாட்களைத் தின்னும்.

ஐபிஎம் தன் ஜோசப்சன் கணினித் திட்டத்தை 1983இல் கைவிட்டதைச் சிலர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது மின்னழுத்த நிலையில் பூட்டிக்கொள்ளும் வேறுவகைச் சுற்று. அந்தத் தோல்வியை இன்றைய சுற்றுகளின் மேல் ஏற்றக்கூடாது.

மாறுநிலை (கேள்வி கேட்டவர்)

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தினர் வெப்பமாறா (அடியபாட்டிக்) முறையில், அதாவது சந்தியை மெதுவாக நிலைமாற்றி ஆற்றல் இழப்பைக் குறைக்கும் முறையில், 20,000க்கும் மேற்பட்ட சந்திகளுடன் 4 பிட் நுண்செயலி ஒன்றைச் செய்து, ஒரு சந்தியின் நிலைமாற்றத்துக்கு 1.4 செப்டோஜூல் (1.4×10⁻²¹ ஜூல்) என்று அறிவித்தார்கள் அல்லவா? நினைவகம் இல்லாத நிலையில் அத்தகைய செயலி எதற்குப் பயன்படும்?

மறுமொழி: பாயக்குவாண்டம்

அந்தச் செயலி ஆற்றல் எவ்வளவு தாழலாம் என்பதைக் காட்டியது. அதன் விலை வேகமும் பரப்பும். கடிகாரம் சில கிகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு வாயிலுக்கும் இடத்தை அடைக்கும் மின்மாற்றிகள் உண்டு. நினைவகம் அதிகம் தேவைப்படாத வேலையை அதற்குத் தர வேண்டும். அத்தகைய வேலை எங்கே இருக்கிறது என்பதை உணரிப் பக்கத்தினரே சொல்லட்டும்.

மறுமொழி: குளிர்த்தளம்

அந்த வேலை கிரையோஸ்டாட் எனும் குளிர்க்கலத்துக்குள்ளேயே காத்திருக்கிறது. உணரிகளின் இன்றைய இடர்ப்பாடு உணர்திறன் அன்று, கம்பிகள்தான். நூறு உணரிகளுக்கு நூறு கம்பிகளை அறை வெப்பநிலையிலிருந்து இறக்கலாம். பல பத்தாயிரத்துக்கு இறக்கினால் குளிர்விப்பான் தாங்காது.

மில்லிமீட்டர் அலை வானியலில் இது வெகு முன்பே உறைத்துவிட்டது. அட்டகாமா பாலைவனத்தின் சைமன்ஸ் ஆய்வகம் சுமார் 60,000 நிலைமாற்ற விளிம்பு உணரிகளுக்காகத் (மீக்கடத்துநிலை மாறும் விளிம்பில் வைக்கப்பட்ட, நுண்ணிய வெப்பத்தை உணரும் படலங்கள்) திட்டமிடப்பட்டது. ஒவ்வோர் உணரியின் மின்னோட்டமும் ஒரு ஸ்குவிட் (சந்திகள் கொண்ட மீக்கடத்தி வளையமாகிய நுண்காந்தமானி) வழியாக ஒரு நுண்ணலை ஒத்ததிர்வியின் அதிர்வெண்ணை நகர்த்துகிறது. ஓர் அச்சொருமித்த கம்பி இணையில் ஆயிரத்தை நெருங்கும் உணரிகள் தத்தம் அதிர்வெண்ணில் பேசுகின்றன. 2003இல் கால்டெக், ஜெட் உந்துவிசை ஆய்வகக் குழுவினர் அறிமுகப்படுத்திய இயக்கத் தூண்டல் உணரியில் உணரியே ஒத்ததிர்வியாக இருப்பதால், தனி ஸ்குவிட்டும் வேண்டியதில்லை. நானோகம்பித் தரப்பில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2023இல் 4 லட்சம் படப்புள்ளிகள் கொண்ட ஒளிப்படக் கருவியை வெளியிட்டது. அதில் ஃபோட்டான் விழுந்த புள்ளியின் வெப்பம் பக்கத்திலுள்ள பொதுக் கம்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து இரு துடிப்புகள் இரு முனைகளை நோக்கி ஓடுகின்றன. அவை வந்துசேரும் நேர வேறுபாடு எந்தப் புள்ளி என்பதைச் சொல்லிவிடுகிறது. எளிமையால் வெல்லும் இத்தகைய வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் ஒரே பொதுக் கம்பியில் ஒரே சமயத்தில் பல ஃபோட்டான்கள் விழுந்தால் அது திணறும்.

பாயக் குவாண்டச் சுற்றுக்கு இடம் இங்கேதான். உணரித் துடிப்புகளைக் குளிரிலேயே எண்ணி, நேரம் குறித்து, முகவரி சேர்த்து, ஒன்றிரண்டு கம்பிகளில் வெளியே அனுப்பினால் போதும். ஜப்பானின் என்ஐசிடி குழுவினர் நானோகம்பி வரிசைகளுடன் அத்தகைய சுற்றுகளை இணைத்து இயக்கியிருக்கிறார்கள். இதற்குச் சில ஆயிரம் சந்திகள் போதும். பெரிய நினைவகம் தேவையில்லை. பிக்கோவினாடித் துல்லியமோ இயல்பிலேயே உள்ளது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான குவிபிட்களின் கட்டுப்பாட்டிலும் இதே தருக்கம் பொருந்துகிறது, ஒரு சிக்கலுடன்: குவிபிட்டுடன் ஒரே சிப்பில் பாயக் குவாண்டத் துடிப்புகளை உண்டாக்கினால் கூப்பர் இணைகள் பிரிந்து, குவிபிட்டின் ஆயுள் குறைகிறது. கட்டுப்பாட்டுச் சுற்றைத் தனிச் சிப்பில் வைத்துப் பிணைப்பது அதைக் கணிசமாகக் குறைக்கிறது.

ஆக, பெரிய மீக்கடத்தி இலக்கச் சுற்று புழக்கத்தில் இல்லை என்ற தொடக்கக் கருத்தையும் சற்றுத் திருத்த வேண்டும். குவாண்டம் கணினிகளைச் செய்யும் டி-வேவ் நிறுவனத்தின் 5,000 குவிபிட் செயலியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோசப்சன் சந்திகள் உள்ளன. அவற்றில் பெரும்பங்கு குவிபிட்கள் அல்ல. சிப்பின் மேலேயே காந்தப் பாயமாக மதிப்புகளைச் சேமித்துவைத்துக் குவிபிட்களை இசைவிக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகள்.

மறுமொழி: பெம்டோடெஸ்லா

உணரிகள் எல்லாமே வென்றுவிட்டன என்ற தோற்றம் இங்கே உருவாகிவிடக்கூடாது என்பதற்காக ஒரு சிறு இடையீடு.

மூளையின் காந்தப்புலம் 100 பெம்டோடெஸ்லா அளவினது. புவியின் புலத்தில் 50 கோடியில் ஒரு பங்கு. பல்லாண்டுகளாக அதைப் பதிவு செய்ய ஸ்குவிட்டைத் தவிர நடைமுறைக்கேற்ற கருவி இல்லை. இப்போதோ குளிர்விப்பே தேவைப்படாத ஒளியியல் அணுக் காந்தமானிகள் தலையோட்டை ஒட்டியே பொருத்தப்படுகின்றன. ஸ்குவிட்டோ ஹீலியக் கலத்தின் சுவருக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியே நிற்க வேண்டியுள்ளது. போட்டியாளர் வந்ததும் குளிர்விப்பின் விலை மறுபடியும் பேசுபொருளாகிவிட்டது.

நைட்ரஜன் திரவத்தின் 77 கெல்வினில் இயங்கும் உயர்வெப்ப மீக்கடத்தி ஸ்குவிட்கள் வேறு களத்தில் நிலைத்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய லேண்ட்டெம் கருவி கனிமத் தேடலில் அவற்றைப் பயன்படுத்துகிறது. அதே பொருளால் இலக்கச் சுற்று செய்யலாமே என்று தோன்றும். ஓர் உணரிக்கு ஒன்றிரண்டு சந்திகள் போதும். ஆயிரக்கணக்கில் ஒரே சீரான மாறுநிலை மின்னோட்டத்துடன் அவற்றை உருவாக்குவது இன்றளவும் கைகூடவில்லை. போதாக்குறைக்கு, 77 கெல்வினில் வெப்ப இரைச்சலை வெல்ல மின்னோட்டம் 18 மடங்கு உயர வேண்டும். நிலைமாற்ற ஆற்றலும் அதே அளவில் உயர்ந்துவிடும். தலைப்பைத் தேடும் மாணவருக்கு என் பரிந்துரை, குளிர்த்தளம் சொன்ன வாசிப்புச் சுற்றுகள். அதிலும் ஒரே நேரத்தில் பல ஃபோட்டான்கள் விழும்போது குழம்பாத வரிசை வாசிப்பு.