மறு: மிரர்லெஸ் கேமராவுக்கு ‘ஆடியிலி’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மிரர்லெஸ் கேமராவுக்கு, அதாவது உள்ளே ஆடி (கண்ணாடி) இல்லாத புதுவகைக் கேமராவுக்கு, கோவை ஐயா ‘ஆடியிலி’ என்ற பெயரை முன்வைத்த நாளிலிருந்து இந்த இழையில் பாதிப் பேர் புணர்ச்சி விதி பார்க்கிறார்கள், மீதிப் பேர் எந்த மாடலை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். பினாங்கில் கல்யாணம், கோயில் திருவிழா என்று படமெடுத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குப் பெயராக ‘ஆடியிலி’யே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாம் மெனக்கெட வேண்டிய சொல் அது இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிறோமே, அந்தச் சின்னச் சாளரம், அதற்குத்தான் நல்ல சொல் வேண்டும். பழைய கேமராவும் புதிய கேமராவும் பிரிகிற இடம் அதுதான்.

பேச்சு ஆகாயத்தில் போகாமல் இருக்க இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். வகையில் 2010-இல் வந்த நிக்கான் டி7000. மற்றது, மிரர்லெஸ் வகையில் 2020-இல் வந்த நிக்கான் இசட்6-இன் இரண்டாம் பதிப்பு. கீழே ‘இசட்6’ என்று எழுதுவதெல்லாம் அதைத்தான். இரண்டுக்கும் நடுவே பத்து வருடம். இரண்டையும் கையில் வைத்து வேலை செய்கிறேன் என்பதால் இந்தத் தேர்வு. கேனான், சோனிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

முதலில் பழைய பாக்கி.

> டி.எஸ்.எல்.ஆர். என்பதற்கு ‘எண்முறை ஒற்றைவில்லை எதிரொளிப்புப் படக்கருவி’ என்பதே துல்லியம். சுருக்க வேண்டும் என்பதற்காகப் பொருளைக் கைவிடக் கூடாது.

ஐயா, இந்தப் பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தனக்கு முந்திய ஏதோ ஒன்றோடு போட்ட சண்டையின் மிச்சம். ‘ஒற்றைவில்லை’ எதற்கு வந்தது? 1929-இல் வந்த ரோலிஃப்ளெக்ஸ் போன்றவற்றில் பார்க்க ஒரு வில்லை, படமெடுக்க இன்னொரு வில்லை, மேலும் கீழுமாக இருந்தன. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ‘ஒற்றை’. இன்று எதிராளியே களத்தில் இல்லை. ‘டிஜிட்டல்’ என்ற பகுதியும் அப்படியே. 1991-இல் கோடாக் நிறுவனம் நிக்கான் எஃப்3-இன் உடலில், ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சில்லான உணரியைப் பொருத்தி விற்றபோது அந்த அடைமொழிக்கு அவசியம் இருந்தது. இப்போது படச்சுருள் போடுகிற கேமராவைத்தான் அடைமொழி வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் அந்தச் சொல்லில் நமக்குள் ஒற்றுமையும் இல்லை: எங்கள் மலேசியப் பத்திரிகைகள் ‘இலக்கவியல்’ என்கின்றன, சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’, உங்களிடம் ‘எண்முறை’. தேவையில்லாத சொல்லுக்காக மூன்று நாட்டுச் சண்டை எதற்கு?

மிஞ்சுவது ‘எதிரொளிப்பு’. இதையே யாழ்ப்பாணத்து அக்கா ‘தெறிப்பு’ என்பார், அவர் படித்த பாடநூல் அப்படி. இந்த வழக்கையும் தீர்க்க வேண்டாம். எதிரொளிக்கிற பொருள் என்னவோ அதையே சொல்லிவிட்டால் முடிந்தது. ஆடி. குழியாடி, குவியாடி என்று எல்லோரும் படித்ததுதான். ‘கண்ணாடி’ என்று போட்டால் கண்ணாடியில் செய்த கேமரா என்றாகிவிடும்.

ஆகவே ‘ஆடிக் கேமரா’. ஆடி மாதத் தள்ளுபடியில் வாங்கியதா என்று ஒருவர் கிண்டலடித்திருந்தார். அடிக்கட்டும். ‘படி’ என்றால் அளவும் உண்டு, மாடிப்படியும் உண்டு, ‘படி’ என்று அப்பா அதட்டுவதும் உண்டு. யாரும் குழம்பவில்லை.

இனி அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். மலாயில் ‘தன்பா செர்மின்’, அதாவது ‘கண்ணாடி இல்லாத’. ஆங்கிலத்தின் நேர் நகல். ஜார்ஜ் டவுன் கேமராக் கடைகளில் காதில் விழுகிற மாண்டரின் சொற்கள் இன்னும் கச்சிதம்: ஆடி உள்ளது ‘தான்ஃபான்’, இல்லாதது ‘வூஃபான்’. முதலாவது ‘ஒற்றை எதிரொளி’, இரண்டாவது ‘எதிரொளி இல்லை’. இரண்டே அசையில் வேலை முடிந்தது. ஜப்பான்காரர்கள் பழையதை ‘இச்சிகன் ரெஃபு’ என்கிறார்கள். ‘இச்சிகன்’ என்றால் ஒற்றைக்கண். வில்லையைச் சொல்லாமல் கண்ணைச் சொன்னார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. கேமரா செய்கிறவர்களுக்கு அது எங்கே பிரிகிறது என்று தெரிந்திருக்கிறது.

‘ஆடியிலி’யின் இலக்கணத்தில் எனக்குக் குறையில்லை. முடிவிலி, கம்பியிலி வரிசையில் ஒழுங்காக நிற்கிறது. குறை தர்க்கத்தில்தான். கைப்பேசிக் கேமராவிலும் ஆடி கிடையாது. 2009-இல் வந்த லைக்கா எம்9-இலும் கிடையாது. அதில் முழு அளவு உணரி, கழற்றி மாட்டும் வில்லை எல்லாம் உண்டு, ஆனால் பார்க்கிற சாளரம் வெறும் கண்ணாடிச் சாளரம். மிரர்லெஸ் என்று கடைக்காரர் எடுத்துக் காட்டுகிற சாதனத்தோடு அதைச் சேர்க்கவே முடியாது. மறுபக்கம், டி7000-இல் லைவ் வியூ பொத்தானை அழுத்தினால் ஆடி மேலே போய் நின்றுகொள்ளும், உணரி பார்ப்பது பின்திரையில் வரும். அந்த நேரத்துக்கு டி7000-உம் ஆடியிலிதானே? 2008-இல் பானாசோனிக் ஜி1 வந்தபோது ஆங்கிலத்திலேயே இதற்குப் பெயர் நிலைக்கவில்லை. மின்னணு நோக்கி, மாற்றத்தக்க வில்லை என்பவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஈவில்’ என்றுகூட ஒரு பெயர் ஓடியது. தீமை என்று பொருள்படும் பெயரை எந்த வியாபாரி கடை வாசலில் எழுதுவான்!

‘கம்பியில்லாத் தந்தி’ என்று ஒரு காலத்தில் சொன்னோம். பிறகு ‘வானொலி’ வந்தது. இல்லாததைச் சொல்லும் பெயர் போய், செய்வதைச் சொல்லும் பெயர் நின்றது. மிரர்லெஸ்ஸுக்கும் அப்படி ஒன்று வருமானால் அது சாளரத்திலிருந்துதான் வரும்.

டி7000-ஐக் கண்ணில் வைத்தால் நீங்கள் பார்ப்பது வெளியிலிருந்து வரும் அதே ஒளி. வில்லை வழியாக நுழைந்து, 45 பாகை சாய்ந்த ஆடியில் பட்டு, மேலே உள்ள ஐம்பட்டகம் என்ற கண்ணாடிக் கட்டியில் திரும்பி, கண்ணுக்கு வருகிறது. நடுவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. கேமராவை அணைத்து வைத்தாலும் காட்சி தெரியும். உணரி இருட்டில் காத்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், அப்போதுதான் உணரிக்கு ஒளி. அந்தக் கணம் உங்கள் கண்ணுக்கு இருட்டு.

அதாவது ஆடிக் கேமராக்காரன், தான் எடுத்த கணத்தைத் தான் பார்ப்பதே இல்லை. தாலி முடிச்சு விழுகிற கணத்தைப் பிடித்தேன் என்றால், அதைப் பார்க்கவில்லை என்று பொருள். பார்த்திருந்தால் பிடிக்கவில்லை. கெட்டிமேளம் கேட்டு, ஐயர் கை அசைவைப் பார்த்து, ஒரு மயிரிழை முன்னால் அழுத்துகிற பழக்கம் இதனால் வந்ததுதான். இந்த இருட்டுக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக்அவுட்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ‘இருட்டடிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது செய்தியை மறைப்பதற்கு ஆகும், இதற்கு ஆகாது. நான் ‘இமைப்பு’ என்கிறேன். கேமரா ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறது.

இசட்6-இல் உணரி எப்போதும் விழித்திருக்கிறது. அது பார்ப்பதைச் செயலி படமாக்கி, 36.9 இலட்சம் புள்ளிகள் உள்ள ஒரு குட்டித் திரையில் காட்டுகிறது. நீங்கள் காட்சியைப் பார்க்கவில்லை, காட்சியின் படத்தைப் பார்க்கிறீர்கள். படம் வெளுக்குமா, கறுக்குமா என்பது எடுக்கும் முன்பே தெரிகிறது. இதற்கு ‘முன்காட்சி’ போதும். ஆனால் படமாக்கிக் காட்ட நேரம் பிடிக்கிறது. மிகச் சிறிய நேரம்தான், இருந்தாலும் நீங்கள் பார்ப்பது நடந்து முடிந்தது. இதற்குப் ‘பிந்தல்’. ஆடிக் கேமராவில் இமைப்பு, இதில் பிந்தல். கடைக்காரர்கள் சொல்லாத ஒப்பீடு இது.

எனவே என் முன்மொழிவு: தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் ‘நோக்கி’. ஒளியையே காட்டுவது ‘ஒளிநோக்கி’, திரையில் காட்டுவது ‘திரைநோக்கி’. ‘ஆடிநோக்கி’ என்றும் யோசித்தேன், லைக்கா இடிக்கிறது. ஒளிநோக்கி என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கேமராவை ‘திரைநோக்கிக் கேமரா’ என்று சொல்லும் காலம் வந்தால் வரட்டும், வராவிட்டால் ஆடியிலி இருக்கிறது.

> மின்கலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பழையதே மேல் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி. டி7000-க்கு என்று வந்த மின்கலத்தின் பரம்பரைதான் இசட்6-இலும் ஓடுகிறது. தொழில்துறை அளவீட்டின்படி டி7000-இல் ஒரு மின்னேற்றத்துக்கு 1050 படம். இசட்6-இல் திரைநோக்கி வழியாக எடுத்தால் முந்நூற்றுச் சொச்சம். தொடர்ச்சியாகச் சுட்டால் இரண்டிலுமே இதைவிடக் கூட வரும், ஆனால் விகிதம் புரிகிறது அல்லவா? உணரியும் திரையும் ஓயாமல் விழித்திருந்தால் யாராவது செலவு கொடுக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் வெள்ளித் தேர் லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலைப் பக்கம் போய்ச் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், நாலு எட்டு வைத்தால் தேர் நிற்கும். அந்த நாளுக்கு இசட்6-ஐ எடுத்துப் போகிறவர் பையில் மாற்று மின்கலம் இல்லாமல் போகக் கூடாது.

ஆனால் அதே விடியலில் புதியது தன் கூலியை வாங்கிவிடும். குவியம் (ஃபோகஸ்) பிடிப்பதைச் சொல்கிறேன். டி7000-இல் ஆடிக்குப் பின்னால் ஒரு குட்டித் துணை ஆடி, கொஞ்சம் ஒளியைக் கீழே உள்ள தனிக் குவிய உணரிக்கு அனுப்பும். அதில் 39 புள்ளி, நடுப்பகுதியைச் சுற்றி. படம் பிடிப்பது ஓர் உணரி, குவியம் பார்ப்பது வேறோர் உணரி என்பதால், இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடு இருந்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு வில்லைக்கும் கேமராவில் திருத்தம் வைக்க வேண்டும். இசட்6-இல் படம் பிடிக்கும் உணரியே குவியமும் பார்க்கிறது, 273 புள்ளி, ஏறத்தாழ சட்டகம் முழுக்க. அதனால் கண்ணைத் தேடிப் பிடிக்கவும் முடிகிறது. மங்கலிலும் வித்தியாசம் பெரிது: வெளிச்சத்தை அளக்கும் ஈ.வி. கணக்கில் டி7000-க்குச் சொல்லப்பட்ட எல்லை −1, இசட்6-க்கு ஒளி நுழையும் துளை பெரிதான வில்லையோடு −4.5. ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும் என்பதால், பத்து மடங்குக்கு மேல் மங்கலான இடத்திலும் பிடிக்கும் என்று கணக்கு. இதற்கு ‘உணரிக் குவியம்’ என்றும், பழையதற்குத் ‘துணையாடிக் குவியம்’ என்றும் வைக்கலாம். பின்னது கொஞ்சம் கரடுமுரடு, தெரியும். சுருக்கினால் பொருள் போகிறது.

பழைய வில்லைகள் பற்றிக் கிள்ளானிலிருந்து கேட்டிருந்தார்கள். ஆடி ஏறி இறங்க இடம் வேண்டும் என்பதால் நிக்கானின் 1959-ஆம் வருடத்துப் பொருத்துவாயிலிருந்து (வில்லையை மாட்டும் வளையத்திலிருந்து) உணரிக்கு 46.5 மில்லிமீட்டர். ஆடி போனதும் அது 16 ஆகிவிட்டது. இந்தத் தூரத்தை ‘வாய் ஆழம்’ என்று சொல்லலாம். வித்தியாசமான 30.5 மில்லிமீட்டரை நிரப்பத்தான் நடுவில் அடாப்டர் மாட்டுகிறோம். கவனிக்க வேண்டியது: டி7000-இன் உடலில் உள்ள மோட்டார் பழைய 50 மி.மீ. ‘டி’ வகை வில்லையைத் திருகிக் குவியம் பிடிக்கும். நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. அப்பா காலத்து வில்லையை இசட்6-இல் மாட்டினால் கையால் திருக வேண்டியதுதான்.

முழுச்சட்டகம் (ஃபுல் ஃபிரேம்) பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 36×24 மி.மீ., 35 மி.மீ. படச்சுருளில் ஒரு படத்தின் அளவு, அவ்வளவே. அதைவிடப் பெரிய உணரிகள் சந்தையில் இருக்கும்போது ‘முழு’ என்பதே ஒரு பெருமைப் பேச்சு. ஆனாலும் சினிமாக்காரர்களிடம் ‘சட்டகம்’ வேரூன்றிவிட்டது, அதையே வைத்துக்கொள்வோம். வெறும் ‘சட்டம்’ வேண்டாம், இங்கே படத்துக்குச் சட்டம் போடுவதுதான் நினைவுக்கு வரும். டி7000-இன் உணரி இதைவிடச் சிறியது, பரப்பில் பாதிக்கும் கீழ். அதில் 50 மி.மீ. வில்லை மாட்டினால் முழுச்சட்டகத்தில் 75 மி.மீ. காட்டும் கோணம் கிடைக்கும். அந்த 1.5-ஐ ‘வெட்டுக் காரணி’ (கிராப் ஃபேக்டர்) என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எதுவும் வெட்டப்படவில்லை. ‘நிகர்ப் பெருக்கெண்’ என்போம்.

ஷட்டருக்குச் சொல் வேண்டாம். கடைக் கதவு வரைக்கும் அது தமிழாகிவிட்டது. சத்தமில்லாமல் எடுப்பது ‘மின்ஷட்டர்’. ஓமம் வளர்க்கும்போது ‘டக் டக்’ என்று கேட்காமல் எடுக்க முடிவது பெரிய நிம்மதி.

அதில் வரும் கோளாறுகளுக்கு இந்த இழையில் ‘உருள்மூடி விளைவு’ (ரோலிங் ஷட்டர்) என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். உருள்வது எதுவும் இல்லை. உணரியை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறார்கள், அதனால் இரண்டு வேறு கோளாறுகள் வருகின்றன. ஒன்று, விளக்கினால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்.ஈ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும், படத்தில் கறுப்பு வரிகள் விழும். அது ‘பட்டை விழுதல்’. மற்றது, அசைவினால். காவடி சுழலும்போது மேல் வரி வாசிக்கும் நேரத்தில் ஓரிடத்திலும் கீழ் வரி வாசிக்கும் நேரத்தில் வேறிடத்திலும் இருப்பதால், நேராக நிற்கும் மயிற்பீலி வளைந்து விழும். இதற்கு ‘வரிச்சாய்வு’, ‘வரிக்கோணல்’ என்று இரண்டு சொற்கள் என்னிடம் உள்ளன. சாய்வு என்றால் கேமராவைச் சாய்த்துப் பிடித்தான் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் என் வாக்கு கோணலுக்கு. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் வேறு மாதிரி ஒலிக்குமா என்று அக்கா சொல்லிவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.