பள்ளிக்கூட மாடி சோலாரும் காத்தாடி, கரி சண்டையும்

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூட மாடியில் சோலார் போடலாமா என்று நம் குழுவில் தொடங்கிய பேச்சு, தூத்துக்குடி அனல் மின் நிலையத்தை மூடலாமா என்பது வரை போய்விட்டது. மஸ்கட் தம்பி, "காற்றும் வெயிலும் கொட்டிக் கிடக்கிற சீமைக்குக் கரி எதற்கு" என்கிறார். சிங்கப்பூர் அண்ணாச்சியோ, "காற்றாலைக் காத்தாடியை நம்பினால் இருட்டில்தான் உட்காரணும்" என்கிறார். இரண்டு பேருமே யூனிட் என்ன விலை என்றுதான் கணக்குப் பார்க்கிறீர்கள். அந்த யூனிட் எந்த மாதம், எத்தனை மணிக்கு வருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் பிதுங்கி வந்து முப்பந்தலிலும் கயத்தாறு பக்கமும் காத்தாடியைச் சுற்றுகிறது. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முதலில் நட்டவை ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இப்போது நடுவது 2,000, 3,000 கிலோவாட். ஆனால் சீசன் வைகாசியில் தொடங்கிப் புரட்டாசியோடு சரி. ஆடி மாத ராத்திரியில் கரண்ட் வாங்க ஆளில்லாமல் ஓடுகிற காத்தாடியை நிறுத்தச் சொன்ன காலமும் உண்டு. ஐப்பசியில் நாகர்கோவில் பஸ்ஸில் போனால் வரிசையாகச் சும்மா நிற்பதைப் பார்க்கலாம்.

வெயிலுக்கு வருவோம். கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சோலார் பூங்கா மத்தியானத்தில் ராஜா. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வீடு லைட், ஃபேன், டிவி போடும்போது அதன் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். ஐப்பசி, கார்த்திகை மழைமூட்டத்தில் பகலிலும் குறைந்துவிடும். காற்றும் இல்லை, வெயிலும் சரியில்லை என்கிற அந்த இரண்டு மாதம்தான் நம் பக்கத்துக்கு உண்மையான சோதனை. 2012 கடைசியில் ஊரில் இருந்தவர்களைக் கேளுங்கள், ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்ததைச் சொல்வார்கள். பழி முழுக்கக் காற்றின் மேல் இல்லை. ஆனால் காற்று விழுந்ததும் தாங்கிப் பிடிக்க வேறெதுவும் போதவில்லை.

அதற்காகக் கரியைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம் அண்ணாச்சி. 1979இல் முதல் எந்திரம் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி நிலையத்தில் 210 மெகாவாட் எந்திரங்கள் ஐந்து. ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 700 கிராம் கரி என்று வையுங்கள். ஐந்தும் நாள் முழுக்க ஓடினால் பதினேழாயிரம் டன்னுக்கு மேல். ஒடிசா கரியை ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் ஏற்றி நம் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறோம். எரித்த பிறகு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகக் கடற்கரையோரம் தங்குகிறது. போதாக்குறைக்கு, ஆறிய கொதிகலனைச் சூடேற்றி ஓட்டவே பல மணி நேரம் ஆகும். காற்று விழுந்த நிமிஷமே ஸ்விட்ச் போட அது டியூப்லைட் இல்லை.

கூடங்குளம் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையச் சண்டை போட்டாயிற்று. யுரேனியமும் தீரக்கூடியதுதான், எரிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்பதும் தீராத கேள்வி. அதோடு விடுகிறேன்.

என் கட்சி இது. கரண்ட் மிஞ்சுகிற நேரத்தில் தண்ணீரை மலை மேல் ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற வேலை ஆனைமலைக் காடம்பாறையில் 1980களின் கடைசியிலிருந்து நடக்கிறது, 400 மெகாவாட். இந்த மாதிரிச் சேமிப்பு இன்னும் பல மடங்கு பெருகும்வரை கரியைச் சாயங்காலத்துக்கும் ஐப்பசிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நேரம் குறைக்கலாம். இன்றைக்கே மூடு என்பதும் வேண்டாம், என்றைக்கும் ஓட்டு என்பதும் வேண்டாம்.

பள்ளிக்கூட விஷயத்தில் நான் தம்பி பக்கம். வகுப்பு நடப்பது பகலில், பேனல் வேலை செய்வதும் பகலில். 10 கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு 40 யூனிட் வரும், ஆயிரம் சதுர அடி வேண்டும். ஆனால் ஒன்று: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்தால், கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுப்பவர்களிடம் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். கூடவே சோலார் தெருவிளக்கும் போடலாம் என்கிற யோசனைக்கு என் ஓட்டு இல்லை. போன தடவை நட்டதில் பேட்டரி செத்துப்போய்க் கம்பம் மட்டும் நிற்கிறது.

ஊரில் இருப்பவர்கள் யாராவது காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு மாடியைப் படம் எடுத்து அனுப்புங்கள். தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம் இரண்டின் நிழலும் எதுவரை விழுகிறது என்று பார்த்த அப்புறம் கொட்டேஷன் வாங்கலாம்.