பண்ணை – ஊர்காவற்றுறை – காரைநகர்: தாரும் தரவையுமாக ஒரு நாள் சைக்கிள் சுற்று

குச்சொழுங்கை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மாசி நடுப்பகுதியில ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சைக்கிளில வெளிக்கிடுறம். யாழ்ப்பாணத்தில இருந்து பண்ணைப் பாலத்தால வேலணை, ஊர்காவற்றுறை, அங்கையிருந்து கடற்பாதையில (ஆளையும் வாகனத்தையும் ஏத்திக் கடலைக் கடக்கிற மிதவையில) ஏறிக் காரைநகர், பிறகு பொன்னாலைப் பாலம், அராலி, கல்லுண்டாய் வெளியால திரும்பி வீடு. முழுக்கத் தார் ரோட்டில போக விருப்பமில்லை. தரவை (வெட்டையான உவர்நிலம்), கிறவல் ஒழுங்கை, வயல் வரம்பு எல்லாம் கலந்து வரவேணும்.

ரெண்டு சைக்கிள் 700×38 ரயர். ஒண்டு 26×1.95 மவுன்டன். நாலாவது சாதாரண ஊர்ச் சைக்கிள், 28×1½. எந்தப் பக்கத்தால சுத்துறது நல்லது? காத்து எவ்வளவு அடிக்க வேணும்? தண்ணி, ரியூப் எல்லாம் எவ்வளவு கொண்டு போறது?

தீவுக்காற்று:

பண்ணையால போய்ப் பொன்னாலையால வாங்கோ. மாசியிலயும் வாடைதான், வடகிழக்கில இருந்து அடிக்கும். பண்ணைப் பாலத்தில நீங்கள் மேற்க போகேக்க அது முதுகில பிடிச்சுத் தள்ளும். மறுபக்கத்தால சுத்தினால் பின்னேரம் களைச்சு வந்து, மறைப்பே இல்லாத அந்தக் கடல் நடுவில முகத்துக்கு நேர காத்து வாங்க வேணும். பொன்னாலைப் பாலத்தில எதிர்க்காத்து இருக்கும்தான். ஆனால் அது ஏறக்குறைய 3 கிலோமீற்றர். முடிஞ்ச உடனே பனையும் வேலியும் மறைச்சுப்போடும். வெயிலும் தொந்தரவில்லை: காலமை மேற்க போறியள், பின்னேரம் கிழக்க வாறியள், ரெண்டு நேரமும் சூரியன் முதுகுப்பக்கம்.

தூரம் ஒழுங்கைகளும் சேர்த்து 65 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. அதில 15 தரவையும் கிறவலும். தாரில மணிக்கு 15, தரவையில 9 எண்டு கணக்குப் போட்டால் மிதிக்கிற நேரம் மட்டும் அஞ்சு மணித்தியாலம். 6 மணிக்கு லைற் போட்டு வெளிக்கிட்டால், ஆறுதலாய் நிண்டு பாத்து 4 மணிக்கு முன்னம் வீடு.

ஏத்தம் இறக்கம் இல்லாத ஊர் எண்டு நினைச்சு ஏமாறாதேங்கோ. இறக்கம் இல்லையெண்டால் மிதிக்காமல் ஓடுற நேரமும் இல்லை. ஒரே இருப்பில இருந்து இடுப்பும் உள்ளங்கையும் விறைச்சுப்போகும். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பெடலில எழும்பி நிண்டு இருபது மிதி மிதியுங்கோ.

மண்கும்பான் பக்கம் கடற்கரையை ஒட்டின ஒழுங்கைகள் பாக்க வடிவுதான், ஆனால் பேரே சொல்லுது, மண். 38 ரயர் புதையும். அதில இறங்காமல் ரோட்டால சாட்டிக் கடற்கரைக்குப் போங்கோ. வேலணை தாண்டினாப் பிறகு நாரந்தனை, கரம்பொன் உள்ளொழுங்கைகள்தான் இந்தச் சுற்றிலயே நல்ல பகுதி: ரெண்டு பக்கமும் பனை, கீழ ஊரி (சின்னச் சிப்பி ஓடு) கலந்த கிறவல், வாகனம் குறைவு.

கடற்பாதையில சைக்கிள் ஏத்தலாம். அது திருத்த வேலைக்கு நிக்கிற நாளும் உண்டு, காத்துக் கூடினாலும் ஓடாது. முதல் நாளே ஊர்காவற்றுறையில ஆரிட்டையும் நேரம் கேட்டு வையுங்கோ. ஓடாட்டி வந்த வழியால திரும்புறதைத் தவிர வேற வழியில்லை. அதால 11 மணிக்கு முன்னம் துறைக்குப் போய்ச் சேருங்கோ. அங்கை நிக்கேக்க தண்ணிக்கு நடுவில தெரியிறது ஹம்மன்ஹீல் கடற்கோட்டை. காரைநகரில கடற்படை முகாம் இருக்கு. அந்தப் பக்கம் படம் எடுக்காதேங்கோ, அடையாள அட்டையைக் கையோட வைச்சிருங்கோ.

சொலூசன் டப்பா:

ரயர் விசயம் நான் சொல்லுறன்.

எழுபது கிலோ ஆளுக்கு 700×38 எண்டால் முன்னுக்கு 40, பின்னுக்கு 45 பிஎஸ்ஐ. 26×1.95க்கு 30, 35. பாரம் கூடின ஆள் ஒவ்வொண்டிலயும் அஞ்சு கூட்டுங்கோ. 28×1½இல இருக்கிறது பழைய வால் ரியூப் வால்வு, உள்ளுக்கு மெல்லிய றப்பர்க் குழாய் மாட்டினது. அதில சாதாரண அளவுமானி பிடிக்காது. கட்டைவிரலால அமத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேணும், கல்லு மாதிரி நிக்கக் கூடாது. மணலுக்கு எண்டு காத்தை இறக்கினால் தாருக்கு ஏறினவுடன திருப்பி அடியுங்கோ. குறைஞ்ச காத்தில கல்லில அடிபட்டால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில நசியும்.

ஓட்டையைப் பாத்தே காரணம் சொல்லலாம். ஒரே ஒரு பொட்டு, வெளிப்பக்கம் எண்டால் முள்ளு. பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை எண்டால் காத்துக் காணாது. உட்பக்கம், றிம்மைப் பாத்த மாதிரி எண்டால் றிம் நாடா விலகிக் கம்பி நிப்பிள் குத்தியிருக்கு. நாடாவைச் சரி பண்ணாமல் எத்தினை தரம் ஒட்டினாலும் திரும்பவும் போகும்.

தரவை ஓரத்தில நெருஞ்சி இருக்கும். தரவையால ரோட்டுக்கு ஏறினவுடன நிண்டு, சில்லைச் சுத்தவிட்டு முள்ளு தெரியுதோ பாருங்கோ. ஒட்டுப் போடேக்க அநேகம் பேர் விடுற பிழை, முள்ளை ரயருக்குள்ளையே விட்டிட்டுப் புது ரியூப் போடுறது. ஒரு கிலோமீற்றர் போக முன்னம் அதுவும் போயிடும். ஒரு துணித்துண்டை ரயருக்குள்ள வட்டமாய் இழுத்துக்கொண்டு போனால் முள்ளு இருக்கிற இடத்தில துணி மாட்டும். மண்கடதாசியால நல்லாய் உரஞ்சி, சொலூசனை மெல்லிசாய்ப் பூசி, விரல் ஒட்டாத அளவுக்குக் காய விடுங்கோ, அஞ்சு நிமிசம். ஈரத்தோட ஒட்டினால் வெயில் சூட்டில ஓரம் கிளம்பும்.

இன்னொண்டு பனங்கருக்கு. பனை ஒழுங்கையில விழுந்து கிடக்கிற மட்டையைக் குறுக்க ஏத்தினால் ரயரின்ர பக்கச் சுவரையே வாள் மாதிரி அரிஞ்சுபோடும். அதுக்கு ரியூப் ஒட்டினால் மட்டும் காணாது, ரியூப் வெட்டுக்குள்ளால பிதுங்கி வெடிக்கும். வெறும் பால்மா பைக்கற்றை நாலாய் மடிச்சு ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவில வைச்சுக் காத்தடிச்சால் வீடு வரைக்கும் தாங்கும். ஒரு பைக்கற்றைச் சீற் பைக்குள்ள போட்டு வையுங்கோ.

28×1½ ரயரும் 700×38 ரயரும் கிட்டத்தட்ட ஒரே பெரிசாய்த் தெரியும். ஒண்டுக்கு மற்றது ஏறாது: முதலாவது றிம்மில இருக்கிற விட்டம் 635 மில்லிமீற்றர், மற்றது 622. ரியூப்பை மட்டும் அவசரத்துக்கு மாத்தலாம். அதிலயும் உங்கட 700 றிம்மில மெல்லிசு வால்வு ஓட்டை எண்டால் கடையில கிடைக்கிற தடிச்ச வால்வு உள்ள போகாது. ஊர்க்கடையை நம்பாமல் அந்த ரெண்டு சைக்கிளுக்கும் ஆளுக்கு ரெண்டு ரியூப், மற்ற ரெண்டுக்கும் ஒவ்வொண்டு. ஊர்ச் சைக்கிளுக்கு வால் ரியூப் ஒரு சாண் தனியாய். ஒரு பம் எல்லா வால்வுக்கும் பிடிக்குதோ எண்டு வீட்டிலயே அடிச்சுப் பாருங்கோ.

வல்லைவெளி:

மண்ணும் மேடும்தான் வேணுமெண்டால் வடமராட்சிப் பக்கம் வல்லிபுரம், மணற்காடு போகலாம் எண்டு யாராவது சொல்லக்கூடும். மணற்குன்றும் மண்ணுக்குள்ள புதைஞ்ச பழைய தேவாலயமும் கட்டாயம் பாக்க வேண்டிய இடம்தான். ஆனால் உங்கட ரயருக்கு அங்கை பாதித் தூரம் தள்ளுற வேலை. தீவுச் சுற்றையே வைச்சுக்கொள்ளுங்கோ.

சுத்துற திசையில தீவுக்காற்று சொல்லுறது மாசிக்குச் சரி. இதையே ஆனி, ஆடிக்கு எடுத்துக்கொண்டு போகாதேங்கோ. சோளகம் தென்மேற்கில இருந்து வரும், மத்தியானத்துக்குப் பிறகு பலக்கும். அந்த மாதங்களில பொன்னாலையால போய்ப் பண்ணையால திரும்பினால்தான் பின்னேரக் காத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

தரவை ஓடக்கூடிய மாதிரிக் காய்ஞ்சிருக்கோ எண்டு பாக்கிறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மாசியில மேல காய்ஞ்சிருக்கும், கீழ மாரித் தண்ணி நிக்கும். இறங்க முன்னம் குனிஞ்சு பாருங்கோ. மண் ஓடு ஓடாய் வெடிச்சு, ஒவ்வொரு ஓட்டின்ர ஓரமும் அப்பளம் மாதிரி மேல சுருண்டு நிண்டால் காய்ஞ்சது, தாராளமாய் ஓடலாம். வெடிப்பு இருந்தும் ஓரம் சுருளாமல் தட்டையாய், உப்புப் பூத்து மினுங்கினால் அடியில கறுப்புச் சேறு. குதியை ஊண்டி அமத்துங்கோ. ஒரு விரல் அகலம் இறங்கினால் திரும்புங்கோ. அந்தச் சேறு மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில அடைச்சால் சில்லு சுத்தாது, தண்ணி ஊத்தினாலும் போகாது, தடியால குத்தித்தான் எடுக்க வேணும். மட்காட்டுக்கு உள்ளால சின்னி விரல் போற இடைவெளி இல்லாட்டி அதைக் கழட்டிப்போட்டு வாங்கோ.

குச்சொழுங்கை:

மிச்சம் நன்றி. திசையும் ரயரும் விளங்கீட்டுது. தண்ணியும் சாப்பாடும்? காரைநகரில எங்கை கூட நேரம் நிக்கலாம்?

தீவுக்காற்று:

ஆளுக்கு 3 லீற்றர் வீட்டில இருந்தே. தீவுப்பக்கக் கிணறுகளில கனக்க உவர், கண்ட இடத்தில நிரப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ. வங்களாவடிச் சந்திக் கடைகளில தேத்தண்ணியும் போத்தல் தண்ணியும் வாங்கலாம், துறைக்குப் போக முன்னம் அங்கை நிரப்பிடுங்கோ. ஒரு போத்தலில தேசிக்காய்ப் புளியும் ரெண்டு சிட்டிகை உப்பும் கரைச்சு வையுங்கோ. வெறும் தண்ணி மட்டும் குடிச்சால் வேர்வையில போற உப்புத் திரும்பாது, மத்தியானம் தொடை பிடிக்கவும் கூடும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாய்: பனங்கட்டித் துண்டு, எள்ளுருண்டை, கதலிப்பழம், முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா. சோறு சாப்பிட்டிட்டுப் பொன்னாலைப் பாலத்து எதிர்க்காத்தில ஏறாதேங்கோ.

காரைநகரில கசூரினாக் கடற்கரையில ஒரு மணித்தியாலம் நில்லுங்கோ, சவுக்கு நிழல் இருக்கு. அங்கையிருந்து 1916ஆம் ஆண்டுக் கோவளம் வெளிச்சவீட்டுப் பக்கம் போற வழியில மண் கூட, மவுன்டன் சைக்கிள் ஓடும், மற்றவை இறங்கித் தள்ள வேண்டி வரலாம். பிறகு ஈழத்துச் சிதம்பரம் சிவன் கோயில், வலந்தலைச் சந்தி, பொன்னாலைப் பாலம். பாலத்தில நாலு பேரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர், ஒரு மீற்றர் விட்டு, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா முன்னுக்குப் போற ஆளை மாத்துங்கோ. பஸ் வரேக்க சோடியாய் ஓடாதேங்கோ. நடுவில ஒதுங்கி நிண்டு களங்கட்டிகளைப் பாருங்கோ. ஆழமில்லாத கடலில தடி நட்டு வலை கட்டி, மீனை உள்ளுக்குள்ள வளைச்சு விடுற அந்தக் கட்டு முழுக்க ரோட்டில இருந்தே தெளிவாய்த் தெரியும். கல்லுண்டாய் வெளியில இந்த மாதங்களில பூநாரை இறங்கியிருந்தால் சைக்கிளை ரோட்டிலயே விடுங்கோ. கிட்டப் போனால் கூட்டமாய் எழும்பிடும்.

சொலூசன் டப்பா:

வீட்டுக்கு வந்து களைப்பில சைக்கிளைச் சுவரில சாத்திப்போட்டுப் படுக்காதேங்கோ. உப்புக்காத்தும் தரவைத் தூளும் ஒரே இரவில செயினைச் சிவப்பாக்கிடும். அண்டைக்கே நல்ல தண்ணி ரெண்டு வாளி மெதுவாய் ஊத்துங்கோ, குழாயால பீச்சியடிக்காதேங்கோ, பெயாறிங்குக்குள்ள தண்ணி போயிடும். துணியால துடைச்சு, காய்ஞ்ச பிறகு செயினில ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு ஒயில். பத்து நிமிசம் விட்டு மேல நிக்கிற ஒயிலைத் துடைச்சு எடுங்கோ. இல்லாட்டி அடுத்த நாள் தூள் முழுக்க அதிலதான் ஒட்டும்.