புது வண்டி அடியில இப்பவே துரு, ரப்பர் கோட்டிங் மேலயே இன்னொரு கோட் அடிக்கலாமா?

கடலோரவண்டி: வணக்கம் மக்களே, புது பிக்கப் எடுத்து 3 வாரம் ஆகுது, ஓடுறது முக்கால்வாசி கடலோர ரோடுதான். வாங்கின எடத்துலயே அடியில கெட்டியா கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிச்சுக் குடுத்தாங்க, ஆயுசுக்கும் கவலை இல்லைன்னாங்க. நேத்து குனிஞ்சு பாத்தா பின்னாடி ஸ்பிரிங் பட்டை மாட்டுற எடத்துல வெல்டு ஓரமா செங்காவியா படிஞ்சிருக்கு, தேச்சா வெரல்ல ஒட்டுது. 3 வாரத்துலயேவா? அதுமேலயே இன்னொரு கோட் அடிச்சிரட்டுமா? பழைய வண்டி சேஸ், அதான் அடிச்சட்டம், அரிச்சே போனது எனக்கு இன்னும் ஆறல.

ஸ்பானர்கை: தம்பி அது மேலாப்புல வர்ற துரு, பயப்படாதீங்க. வெல்டு கசடு மேல பெயிண்ட் ஒழுங்கா ஒட்டாது, அதான் புது வண்டியிலயும் மொதல்ல அங்கதான் காட்டும். கம்பி பிரஷ் போட்டு நல்லா தேய்ங்க, வெறும் இரும்பு பளிச்சுன்னு தெரிஞ்சா ஜிங்க் ப்ரைமர், குழிக்குள்ள துரு மிச்சம் இருந்தா துருவையே கெட்டியான படலமா மாத்துற துரு கன்வெர்ட்டர், அப்புறம் மேல பெயிண்ட். எனக்கு கவலையே அந்த ரப்பர் கோட்டிங்தான். அது நாளாக நாளாக இறுகும், கல்லு தெறிச்சு ஒரு மயிரிழை விரிசல் விட்டா போதும், உப்புத்தண்ணி உள்ள போய் உக்காந்துக்கும், வெளிய வர வழி கிடையாது, பாக்க கருகருன்னு புதுசாவே இருக்கும் உள்ள இரும்பு பொருக்கு பொருக்கா உரிஞ்சிட்டு இருக்கும். இன்னொரு கோட் அடிச்சா அதையும் சேத்து மூடுறீங்க, அவ்ளோதான்.

டீசல்வாசம்: அண்ணன் சொன்னதுதான். நான் லானோலின் அடிக்கிறேன், ஆட்டு ரோமத்துலேருந்து எடுக்குற கொழுப்பு, காயாது, இடுக்குல ஊர்ந்து போகும். வருசத்துக்கு ஒருக்கா திரும்ப அடிக்கணும், சோம்பேறிக்கு ஆகாது. உள்ள கூடா இருக்குற பாக்ஸ் சேஸ்னா நீட்டு ஓஸ் விட்டு உள்பக்கமும் மெழுகோ எண்ணெயோ அடிங்க, துரு உள்ளேருந்துதான் வெளிய வரும், ஓட்டை விழுந்த பிறகுதான் நமக்கே தெரியும். அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்டர் சர்வீஸ் பண்ணி ஒரு நாள் முழுக்க காய விடுங்க, ஈரத்து மேல அடிச்சா ஈரத்தைத்தான் பூட்டி வைக்கிறீங்க. பிரேக் டிஸ்க், சைலன்சர், சென்சார் பக்கம் படவே கூடாது. சாதா பெட்ரோலிய எண்ணெய்னா மூட்டுல அதிர்வு தாங்குற ரப்பர் புஷ்ல படாம பாத்துக்கோங்க, ஊதிப் போயிரும்.

ஈரமண்: பேட்டரில மாட்டுற எலக்ட்ரானிக் துரு தடுப்பு பெட்டி ஒண்ணு இருக்கே, அத மாட்டினா இந்த அழுக்கு வேலையெல்லாம் வேணாமே?

ஸ்பானர்கை: கப்பல் அடியில துரு பிடிக்காம இருக்க ஜிங்க் கட்டி வைக்கிற கணக்குல சொல்றாங்க. கப்பல் தண்ணிக்குள்ளயே மெதக்குது, கரண்ட் சுத்தி வர வழி இருக்கு. வண்டி காத்துல நிக்குது, வழி எங்க? அந்தக் காசுக்கு எண்ணெய் வாங்குங்க. அப்புறம் கடலோரவண்டி தம்பி, சேஸ் அடியிலயும் கதவு அடியிலயும் தண்ணி வடிய ஓட்டை விட்டிருப்பாங்க, கோட்டிங் அடிச்சவங்க அதை அடைச்சிருக்காங்களான்னு மொதல்ல பாருங்க. பின் அச்சு நடுவுல இருக்குற கியர் பெட்டி, அதான் டிஃபரன்ஷியல், அது மேல காத்து போய்வர மூச்சுக்குழாய் இருக்கும், அதையும்.

கடலோரவண்டி: அண்ணே இன்னைக்கு காலைல ஸ்டாண்ட் போட்டு டார்ச்சோட படுத்துட்டேன். இடது சேஸ்ல 4 ஓட்டைல 3 அடைப்பு, ஸ்க்ரூடிரைவர் விட்டு குத்தினதும் கலங்கல் தண்ணி மூஞ்சியிலயே ஊத்திருச்சு, மழை பேஞ்சு 6 நாள் ஆச்சு! மூச்சுக்குழாய் தப்பிச்சிருச்சு. ஓட்டையெல்லாம் திறந்து விட்டாச்சு, ரெண்டு நாள் காயட்டும். உரிஞ்சு வர்ற ரப்பரை மட்டும் சுரண்டி எடுத்துட்டு கெட்டியா பிடிச்சிருக்குறத விட்ரலாமா?

ஸ்பானர்கை: விட்ருங்க, ஓரத்துல மட்டும் எண்ணெய் நல்லா ஊறுற மாதிரி அடிங்க. ஓட்டையை நாளைக்கும் ஒருக்கா குத்திப் பாருங்க, சேறு திரும்ப எறங்கி அடைக்கும்.