பிள்ளைகள் கேட்ட கேள்வி: ஆழித்தேருக்கு மோட்டார் வைத்தால் என்ன?

ஆரூர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் திருவாரூர்த் தியாகராசர் கோயில் ஆழித்தேர் ஓடுகிற பங்குனித் தேருக்கு யார் யார் ஊருக்குப் போகிறோம் என்று பேச்சு வந்தபோது, டொராண்டோ அக்கா தன் மகன் கேட்டதை எழுதியிருந்தார். "இவ்வளவு எடையை மனுஷங்க ஏன் இழுக்கணும்? மோட்டார் வச்சுடலாமே?" நல்ல கேள்வி. "அதெல்லாம் வழக்கம்" என்று சொல்லி வாயை அடைக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

தம்பி, நம் தேரில் இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது. பழைய தேர் 1920களில் தீப்பிடித்து எரிந்துபோனது. புதுத்தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு அதுவும் இருபது ஆண்டுக்கு மேல் நிலையிலேயே நின்றது. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, 1970இல்தான் மறுபடி வீதிக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் இருக்கின்றன. முன்னால் ஆட்கள் வடம் பிடிக்க, பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை, சும்மா நகருமா? இயந்திரத்தைச் சேர்த்ததால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை என்றுதான் நான் சொல்வேன். உயிருக்குப் பாதுகாப்பு தருவது எதுவானாலும் வரட்டும்.

அப்படியென்றால் வடம் எதற்கு? இதற்குச் சாமி ஏன் வெளியே வருகிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற நாளெல்லாம் நாம் அவரைத் தேடிப் போகிறோம். படியேற முடியாத பாட்டி, வயலை விட்டு வர முடியாதவர், ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளேயே விடப்படாத மக்கள், இவர்கள் எல்லோரும் இருக்கும் தெருவுக்கு அவர் வருகிற நாள் இது. தியாகராசர், மூச்சின் ஏற்ற இறக்கம் போல அசைந்தாடும் அஜபா நடனத்தோடு தேருக்கு எழுந்தருளுகிறார். அடுத்து கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஒரு மோட்டாரை முடுக்கி அவரைச் சுற்றிக் கொண்டுவந்தால் நாம் வேடிக்கை பார்ப்பவர்களாகி விடுவோம். வடத்தில் கை வைத்தவன் வேடிக்கை பார்ப்பவன் இல்லை.

புராணத்திலும் அப்படித்தான். முப்புரம் எரிக்கப் போன சிவனுக்குத் தேவர்கள் கூடித் தேர் செய்தார்கள். பூமி தேர்த்தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி. விநாயகரை வணங்காமல் புறப்பட்டதால் அச்சு முறிந்தது என்று அச்சிறுபாக்கத்தில் கதை சொல்வார்கள். நம் ஊரில் ஆழித்தேருக்கு முன்னால் பிள்ளையார் தேர் போவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பற்றி, அதாவது தேரை நிறுத்தவும் திசை மாற்றவும் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டை வைக்கிறவர்களைப் பற்றி. படம் எடுப்பவர்கள் எல்லோரும் கலசத்தையும் தேர்ச்சீலையையும் எடுக்கிறார்கள். சக்கரத்தோரம் நிற்பவர்களை யாரும் எடுப்பதில்லை. வடம் பிடித்தவருக்குத் தேர் தெரியாது, முதுகுக்குப் பின்னால் வருகிறது. தேரின் போக்கைத் தீர்மானிப்பது கட்டை போடும் ஆட்கள்தான். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அதைத் தாமதப்படுத்தினால் தேர் அந்தப் பக்கம் ஒதுங்கும். கொஞ்சம் பிந்தினால் தேர் வீட்டுத் திண்ணையை நோக்கிப் போகும். கொஞ்சம் முந்தினால் நடுவீதியில் சிக்கி நின்றுவிடும். ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் இந்த வேலை போகவில்லை. உருளுகிற சக்கரத்துக்கு ஓர் அடி தள்ளிக் கையை நீட்டிச் செய்கிற வேலை இது. கண்ணும் கையும் சேர்ந்து பழக வேண்டும். அதற்குப் பல திருவிழாக்கள் ஆகும்.

அதைவிடக் கஷ்டம் வீதி முனையில் தேரைத் திருப்புவது. இரும்புத் தகடுகளைப் போட்டு, கிரீஸ் தடவி, சக்கரங்களை அதன் மேல் ஏற்றி, அவ்வளவு பெரிய தேரை அங்குலம் அங்குலமாக வழுக்கித் திருப்புகிறார்கள். நேர் வீதியில் தேர் அழகு; ஆனால் முனையில் அது திரும்புவதைப் பார்த்தால்தான் நம் ஊர்க்காரர்களின் திறமை தெரியும். "ஆரூரா, தியாகேசா" என்ற சத்தம் அங்கேதான் வேறு மாதிரி எழும்பும்.

சக்கரத்தைப் பற்றி யோசிக்க நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோயிலுக்கு வெளியே இருக்கிற கல்தேரைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். மனுநீதிச் சோழன் மகன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டுச் செத்தது. பசு மணியை அடித்து நியாயம் கேட்டது. ராஜா தன் மகனையே சக்கரத்தில் கிடத்தினான். சக்கரத்துக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு மேலே இருப்பவனுக்கு உண்டு என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. 2022இல் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் அப்பர் சதயத் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கல்தேர்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பல ஊர்களில் பண்ணையாட்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்து தேர் இழுக்க வைத்தார்கள். சிவகங்கை மாவட்டக் கண்டதேவியில் அதற்கு நேர்மாறு: எல்லோரும் வடம் பிடிக்கலாமா என்ற தகராறில் தேர் பல ஆண்டு நின்று, நீதிமன்றம் தலையிட்டு 2024இல்தான் ஓடியது. கட்டாயப்படுத்துவதும் கூடாது, தடுப்பதும் கூடாது. விரும்பி வருகிற யாரும் வடத்தைத் தொடலாம் என்றால்தான் அது தேர்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். தேர் பங்குனி ஆயில்யத்தில். தேதி கோயில் அறிவிப்பு வந்த பிறகு உறுதியாகும், அதற்கு முன் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். முடிந்தால் பங்குனி உத்திரம் வரை இருந்து தியாகராசரின் பாத தரிசனமும் பார்த்துவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகளை வடத்துக்கு நடுவில் விடாதீர்கள். சக்கரப் பக்கம் போகவே கூடாது.

வாழ்த்துப் பலகைக்குப் பணம் திரட்டலாம் என்று போன மாதம் ஒரு யோசனை வந்தது. என் கருத்து, அந்தப் பணம் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்குக் காப்பீடு எடுக்கப் போகட்டும். கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, எப்படிச் செய்யலாம் என்று ஊரில் இருக்கும் நம் செயலாளர் விசாரிக்க வேண்டும். சம்மதிப்பவர்களும் மறுப்பவர்களும் இந்த வாரத்துக்குள் பதில் எழுதுங்கள்.