தபாலில் போடும் முன் கடிதத்தைப் படம் எடுத்து வைக்கலாமா?

மைக்கறை (கேள்வி):

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள். கைப்பேசியில் பேசிக்கொள்வதற்குக் குறைவே இல்லை. பிள்ளைகளின் படங்கள், யாரோ அனுப்பிய துணுக்குகள், வாரத்துக்கு இரண்டு நாள் புலம்பல் எல்லாம் வந்து போகும். சென்ற ஆண்டு ஒரு நாள், முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தடித்த உறை ஒன்றை அனுப்பியிருந்தாள். உள்ளே நான்கு தாள்கள், இருபுறமும் நீல மை. “நலம், நலமறிய ஆவல்” என்ற முதல் வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். முந்தைய இரவுதான் ஒரு மணி நேரம் பேசியிருந்தோம்.

இரண்டாம் தாளில் சிரிப்பு நின்றது. வேலையை விடுவது பற்றி எழுதியிருந்தாள். “நினைத்தாலே” என்பதற்கு அடுத்த சொல்லை நான்கைந்து கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் தலைமேல் “சோர்வாக இருக்கிறது” என்று எழுதியிருந்தாள். தாளை விளக்குக்கு நேரே பிடித்தேன். பின்பக்க எழுத்து குறுக்கே வந்து குழப்பியது. சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் ‘ப’ தெரிந்தது, பிறகு ‘மா’. “பயமாக.” அதே வேலையைப் பற்றி எத்தனையோ இரவுகள் பேசியிருக்கிறோம், அந்தச் சொல் ஒருமுறைகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அன்றிலிருந்து மாறி மாறி எழுதுகிறோம். ஒரு கடிதம் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம். இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். முதல் பதிலைத் தபால் பெட்டிக்குள் பாதி நுழைத்த பிறகு கையை இழுத்துக்கொண்டேன். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது. போட்டுவிட்டால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாதே என்று தோன்றிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, ஒட்டிய உறையைக் கிழித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, புது உறையில் மறுபடி முகவரி எழுதி அனுப்பினேன். அதுவே பழக்கமாகிவிட்டது.

போன கடிதத்தில் அவள் கேட்டிருக்கிறாள்: “உன் எழுத்து ஏன் பரீட்சைத் தாள் போல ஆகிவிட்டது? அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லையே.” உண்மைதான். படத்தில் விழப்போகிறது என்பதால் முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்து, பிறகு அழகாக நகலெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். படம் எடுப்பதை விட்டுவிடலாமா? விட்டால், மூன்று வாரம் கழித்து என்ன எழுதினேன் என்பதே நினைவில் இருக்காதே. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

ஓரக்குறிப்பு (பதில்):

இந்த அரிப்பு உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நீராவி எந்திரத்தை மேம்படுத்தினாரே ஜேம்ஸ் வாட், அவர் 1780-இல் கடித நகல் எடுக்கும் ஓர் அழுத்துப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். எழுதிய தாளின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை கொஞ்சம் அதில் ஏறிக்கொள்ளும். எழுத்து இடம் வலம் மாறித்தான் பதியும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படித்துவிடலாம். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1804 முதல் வேறொரு கருவியை வைத்துக்கொண்டார். இரண்டு பேனாக்களை இணைத்த சட்டம் அது. ஒன்றால் எழுத எழுத, மற்றது பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அவர் வீட்டில் தங்கியது அந்த இரண்டாம் பேனா எழுதியது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இரண்டு முறையிலும் அடித்தல் திருத்தலும் சேர்ந்தேதான் நகலாகும். நீங்கள்தான் படத்துக்காக முகப்பூச்சு போடுகிறீர்கள்.

நான் பின்பற்றுவது ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோலின் வழி. அவர் 1861-இல் ஒரு பதிவேடு தொடங்கி, வந்த கடிதம், போன கடிதம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துச் சுருக்கம் எழுதி வைத்தார். 1898-இல் இறக்கும்போது கடைசி எண் 98,721. (அவ்வளவு பாடுபட்டு வைத்த பதிவேடு நமக்குக் கிடைக்காமல் தொலைந்துபோனது வேறு கதை.) எனக்கு எண்ணெல்லாம் கிடையாது. ஒரு சிறு நோட்டு, கடிதத்துக்கு ஒரு வரி. உதாரணத்துக்கு, சென்ற மாத வரி: “தம்பிக்கு. 3 தாள். கண்ணாடி மாற்றியது, வீட்டுக் கடன், அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.” இவ்வளவு போதும். மிச்சத்தை அவன் பதில் நினைவூட்டிவிடும்.

நீலவரி:

நான் மறுபக்கம் நிற்கிறேன். படம் எடுங்கள்.

என் அம்மாவும் சித்தியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டார்கள். அம்மா இறந்த பிறகு, துணி அலமாரியின் அடித்தட்டில் சித்தியின் கடிதங்கள் கட்டாகக் கிடைத்தன. “நீ சொன்னது சரிதான் அக்கா, ஆனாலும் அவரிடம் அதை எப்படிக் கேட்பது?” என்று ஒன்று தொடங்குகிறது. அம்மா என்ன சொன்னாள்? யாரிடம் எதைக் கேட்கச் சொன்னாள்? சித்தி வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் கடிதங்களைப் பழைய தாளோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ஆக, அம்மா எழுதியதில் ஒரு வரிகூட எங்களிடம் இல்லை. பதில்களை வைத்துக்கொண்டு அவளை ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுதுவது எதனால் என்பதையும் பாருங்கள். அந்தக் கட்டுக்குள் நீரில் கரையும் மையால் எழுதிய கடிதங்கள் ஈரம் பட்ட இடமெல்லாம் நீலத் திட்டாகிவிட்டன. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மை எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கருக்கும், தண்ணீருக்கு அவ்வளவாக அசையாது. அமிலம் மிஞ்சினால் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும் என்று யாராவது எதிர்ப்புத் தெரிவிப்பீர்கள், தெரியும். குறைந்தது உறையின்மேல் முகவரியையாவது பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள்.

அவசரக்காரன்:

என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. நகல் எடுத்து யாருக்கு என்ன பயன்?

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான்கு தாள் என்றீர்கள். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். நான்குக்கு 20; உறை தனி. பல நாடுகளில் சாதாரணக் கடிதத்தின் முதல் எடை வரம்பு 20 கிராமில் முடிகிறது. தபால்தலை குறைவாக ஒட்டி அனுப்பிய என் காதல் கடிதம் ஒன்று திரும்பி வந்து, என் அண்ணன் கையில் விழுந்தது. மூன்று தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது எடை போட்டு அனுப்புங்கள்.

மைக்கறை:

எல்லோருக்கும் நன்றி. நீலவரி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் முடிவெடுக்க முடியவில்லை. அந்த “நீ சொன்னது சரிதான் அக்கா” மனதை விட்டுப் போகவில்லை. கடைசியில் தோழியிடமே சொன்னேன்: என் கடிதங்களைத் தூக்கிப் போடாதே, எனக்குப் பின் என் மகளுக்கு வேண்டியிருக்கலாம். காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாளாம். அதற்குமேல் அவளைக் கேட்க முடியாது.

இந்த முறை நேராகவே எழுதினேன். மூன்று தாள், எடையும் பார்த்தேன். ‘மகிழ்ச்சி’ என்று எழுதத் தொடங்கி, பொய்யாகப் பட்டதால் அடித்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று மாற்றினேன். அதை அவள் விளக்கில் பிடித்துப் பார்ப்பாள் என்று தெரிந்துதான் அப்படியே விட்டேன். படம் எடுக்கவில்லை. நோட்டில் மட்டும் ஒரு வரி: “பல்வலி, மகளோடு சண்டை, விடுதி நாட்கள்.” தபால் பெட்டியின் வாயில் உறை விழுந்த சத்தம் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது என்னவோ உண்மை.

நேற்று அவள் பதில் வந்தது. பல்வலிக்கு அரைப் பக்கம் அனுதாபம், மகள் விஷயத்தில் முழுக்க முழுக்க மகள் கட்சி. கடைசி வரிக்குக் கீழே, ஓரத்தில், தாளைப் பக்கவாட்டில் திருப்பி எழுதியிருக்கிறாள்: “நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.”

நான் என்ன கேட்டேன்? நோட்டைப் புரட்டினேன். “விடுதி நாட்கள்” என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. குடையா, அந்தப் பச்சைத் துப்பட்டாவா, நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கிறுக்கல் கவிதை நோட்டா? கைப்பேசியை எடுத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு பத்து மணிக்கு அவளே அழைத்தாள், நாற்பது நிமிடம் பேசினோம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். எப்படியும் ஆறு வாரம் ஆகும்.